அமலோற்பவம் வெற்று வரிகளை எடுத்த கதை

அந்தோணியார்புரத்தின் வெற்று வரிகளையெல்லாம் அமலோற்பவம் ஒரே சொடுக்கில் எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, ஊரில் இருநூற்றுப் பதினோரு இடங்கள் மூடிக்கொண்டன. சத்தம் இல்லை, தூசி கிளம்பவில்லை, அடுப்பில் இருந்த பால்கூடப் பொங்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருத்தி நகர்ந்தால் பின்னால் நிற்கிறவள் யோசிக்காமல் ஓரெட்டு எடுத்து வைப்பாளே, அப்படி வீடுகளும் சுவர்களும் கட்டில்களும் பெஞ்சுகளும் ஓரெட்டு எடுத்து வைத்து ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டன.

அமலோற்பவத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் கிறிஸ்தோபர் இறந்து ஏழு வருஷம். ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று டிடிபி செய்கிறவள். கான்வென்டில் மதர் யூஃப்ரேசியா ஸ்கேலால் முட்டியில் தட்டித்தட்டி மார்ஜின் போடக் கற்றுக்கொடுத்திருந்ததால், ஒரு கோடு கோணலாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. நாக்கும் அந்த ஸ்கேல் மாதிரிதான். ஊரில் அவளிடம் பேசப் போகிறவர்கள் முதலில் தலையைச் சீவிக்கொண்டு போவார்கள்.

பங்குக் கோயிலின் நூற்றாண்டுக்குக் குடும்பக் கையேடு போட வேண்டும், ஊரில் உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் பேர் பேராக அதில் வர வேண்டும் என்று ஃபாதர் கிங்ஸ்லி அவளைத்தான் பிடித்தார். அதுவரை முப்பது வருஷமாக அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டவர் தியோப்பிலஸ் சார். தவக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அமலோற்பவத்தின் ஹாலில் இறக்கினார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தவள், பத்து நாள் கழுவாத பாத்திரம் கிடக்கிற சிங்க்கைப் பார்த்தவள்போலத் தலையில் கைவைத்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்டைல். ஸ்டைல் என்றால் எழுத்துக்குப் போட்டுவிடுகிற சட்டை. இப்படிப்பட்ட புத்தகத்துக்கு மூன்று போதும்: குடும்பத் தலைப்புக்கு ஒன்று, வீட்டில் இருக்கிறவர் பேருக்கு ஒன்று, இறந்தவர் பேருக்கு முன்னால் தானாகவே ஒரு சிலுவை வந்து உட்காருகிற மாதிரி ஒன்று. தியோப்பிலஸ் சாரோ கல்யாணமாகாத மனுஷர், கேட்க ஆள் இல்லாத மனுஷர், போட்டு நிரப்பியிருந்தார். அதற்கு வைத்த பேர்களைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். ‘வந்தால்’ என்று ஒன்று. ‘வந்தால் 2’ என்று ஒன்று. ‘கப்பல்’. ‘கோபம் தணிந்து’. ‘தலையணை உறை’. ‘மாசிக்குள்’. ‘பெரியவனா சின்னவனா’.

“என்னத்துக்குத் தலையணை உறை? கையேடு போட்டாரா, துணி வெளுக்கப் போட்டாரா?” என்று திரையைப் பார்த்தே கேட்டாள் அமலோற்பவம். ஒவ்வொரு ஸ்டைலாகப் பிடித்து அழித்தாள். அழிக்கும்போதெல்லாம் மெஷின் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கும்: இதை எடுத்துவிட்டால் இதற்குப் பதிலாக எதைப் போடட்டும்? ஏதாவது போடு, இருக்கிற மூன்றில் ஒன்றைப் போடு என்று அவளும் ‘சரி’யை அமுக்கிக்கொண்டே போனாள். சில ஸ்டைல் எந்த எழுத்திலும் இல்லை. தேடிப் போனால் பேருக்கும் பேருக்கும் நடுவே ஒரு வெற்று வரியில் ஒளிந்திருந்தது. வெற்று வரிக்கு எதற்குச் சட்டை? ஆளில்லாத ஹேங்கருக்கு இஸ்திரி போட்ட மாதிரி.

அப்படியும் நூற்றுமூன்று பக்கம் வந்தது.

“பிரஸ்ல பதினாறு பதினாறாத்தான் அடிப்பாங்கம்மா,” என்றார் ஃபாதர் கிங்ஸ்லி. இளைய சாமியார், செருப்பையும் அங்கியையும் ஒரே நிறத்தில் பார்த்து வாங்குகிறவர். “தொண்ணூத்தாறுக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா நூத்திப்பன்னிரண்டு ஆகும், கடைசி ஒன்பது பக்கம் வெள்ளையா நிக்கும். பிஷப் கையில வெறும் பக்கத்தை நீட்ட முடியுமா?”

“ஆளைக் குறைக்கவா ஃபாதர், எழுத்தைக் குறைக்கவா?”

“ரெண்டும் வேண்டாம். இடைவெளியைக் குறைங்க.”

குறைத்தாள். தேடு, மாற்று, எல்லாவற்றையும் மாற்று. இருநூற்றுப் பதினொன்று மாற்றப்பட்டன என்று மெஷின் சொன்னது. தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் கடைசிக் குடும்பத்தின் கடைசிப் பேர் கச்சிதமாக வந்து நின்றது. அந்தத் திருப்தியில், நகல் எதுவும் எடுத்து வைக்காமல், பழைய ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டு, டீ போட எழுந்தாள்.

எழுந்து நடையில் போனவள், மூன்றாவது கதவைக் காணாமல் நின்றாள். முதல் கதவு அவளுடைய அறை, இரண்டாவது சாமான் அறை, மூன்றாவது, ஜன்னலோரம் முருங்கை நிற்கிற அறை, மகள் ஜெனிட்டாவுடையது. இப்போது இரண்டாவதற்கு அடுத்து அடுப்படி. நடுவில் ஒரு சுவர், பூச்சு காய்ந்து, சுண்ணாம்பு அடித்து, போன வருஷக் காலண்டரின் ஆணி உட்பட.

“பெருக்குறதுக்கு ஒரு ரூம் மிச்சம்,” என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது முறிந்துபோகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நிச்சயதார்த்தத்தன்று காலையில், பந்தல்காரன் வாழை கட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஜெனிட்டா ஒரு பையோடு வாசலில் நின்றாள். படி தாண்டினால் இந்த வீட்டில் உனக்கு இடம் கிடையாது என்றாள் அமலோற்பவம். ஜெனிட்டா தாண்டினாள். நாக்கு அந்தத் தாய்க்கு இருந்த மாதிரியே மகளுக்கும் இருந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். அவள் பேசாதவள், பேசாதவர்கள்தான் பஸ் ஏறுவார்கள். அன்று மத்தியானமே அமலோற்பவம் தியோப்பிலஸ் சார் வீட்டுக்குப் போய், கையேட்டில் என் குடும்பத்தில் அவள் பேரை எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரிம்மா” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூன்றாவது அறைக்குப் போய்த் தலையணைக்கு வெளுத்த உறை மாற்றிக்கொண்டுதான் இருந்தாள். யாராவது பார்த்துக் கேட்டால், “தூசி. எனக்குத் தூசி ஆகாது,” என்பாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தோணியார்புரத்துக்காரர்கள் எதையும் எடுத்துக்கொள்கிறவர்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு வாரம் சண்டை போடுவார்கள், எட்டாம் நாள் கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கிவிடுவார்கள். வியாகுலம் அண்ணன்தம்பி வீடுகளுக்கு நடுவே, வடக்கே போன மூத்தவன் வந்தால் கட்டிக்கொள்ளட்டும் என்று அவர்கள் அப்பா விட்டுப்போன மனை, முள்ளும் ஆட்டுப் புழுக்கையுமாக இருபது வருஷம் கிடந்த மனை, இப்போது இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், இந்த வீட்டு மிக்ஸி ஓடினால் அந்த வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடியது, ஒரு வாரத்தில் இரண்டு மருமகள்களும் ஒரே நேரத்துக்குச் சட்னி அரைக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோயிலில் மூன்றாவது பெஞ்சில் யாரும் உட்காராமல் பாதுகாத்து வைத்திருந்த ஓரத்து இடம் மூடிக்கொண்டதால் எல்லோரும் தோளோடு தோள் இடித்து முழந்தாளிட்டார்கள். வீடுகளுக்கு நடுவே சந்து இல்லாததால் பூனைகள் கூரை வழியே போய்ப் பழகிக்கொண்டன. தபால்காரர் இரண்டு நாள் தடுமாறினார், மூன்றாம் நாள் பழைய வேகத்தைவிடச் சீக்கிரமாகவே முடித்து டீக்கடைக்கு வந்தார். பஞ்சாயத்து கிளார்க் சிவப்பு மையில் கதவு எண்ணையெல்லாம் மாற்றி எழுதினார். ஃபாதர் கிங்ஸ்லி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், நெருங்கி வாழ்வதே கிறிஸ்தவ வாழ்வு என்று முக்கால் மணி நேரம் பேசினார்.

லூர்தம்மாவின் இரட்டைக் கட்டில் ஒற்றைக் கட்டிலாகிவிட்டது. அவள் புருஷன் சிலுவைராஜ் மஸ்கட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம், கடிதாசி நின்று ஆறு வருஷம். “நல்லதாப் போச்சு மதினி,” என்று அமலோற்பவத்திடம் வந்து சொன்னாள். “அந்தப் பக்கத்துத் தலையணையை வெயில்ல போட்டு எடுத்தே என் இடுப்பு போச்சு.”

“அப்ப ஏன் அழுற?”

“யாரு அழுறா? வெங்காயம் நறுக்கினேன்.”

“கையில வெங்காய வாசமே இல்லியே. நீயே மோந்து பாருட்டி.”

இப்படியாக ஊர் பழகிவிட்டது. பழகிய பிறகுதான் சிலுவைராஜ் வந்தார்.

வைகாசி வெயிலில், பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு, தெரு முனையிலிருந்து கோயில் வரை நடந்தார். திரும்பக் கோயிலிலிருந்து தெரு முனை வரை நடந்தார். பிறகு சரியாகத் தன் வீட்டு வாசலிலேயே நின்று, லூர்தம்மாவைப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமாம்மா என்று கேட்டார். அவள் செம்போடு ஓடி வந்தாள். குடித்து முடித்து, “இங்க லூர்தம்மாள்னு ஒருத்தவுக வீடு எதும்மா?” என்றார்.

“யோவ், நான்தான்யா! உன் பொண்டாட்டிதான்யா!” அவள் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் சிரித்தார். புத்தி சரியில்லாதவளைப் பார்த்து நல்ல மனுஷர்கள் சிரிக்கிற சிரிப்பு. பிடித்த கையைப் பதமாக விலக்கி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் ஏறிப் போனார். லூர்தம்மா வைத்திருந்த அவருடைய மஸ்கட் நம்பருக்கு அப்புறம் மணியே அடிக்கவில்லை.

அதன்பின் வாரத்துக்கு ஒருவர் இருவர் வந்தார்கள். சண்டை போட்டுப் போன தம்பி, ஓடிப்போன அக்கா, செத்துவிட்டான் என்று பாதி நம்பிய மகன். எல்லோரும் இரண்டு தரம் நடந்தார்கள், தண்ணீர் கேட்டார்கள், சொந்த அம்மாவிடமே அம்மாவின் வீட்டை விசாரித்தார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இடம் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? ஊர் இதற்கும் பழகியது. பஸ் நிறுத்தத்தில் அவர்களுக்கென்று டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சு போட்டார். வந்தவர்களுக்கு ஒரு பன்னும் ஒரு பழமும் கொடுத்து அனுப்புவது என்று மாதா சபையில் தீர்மானம் போட்டார்கள். யார் வீட்டு ஆள் வந்தாலும் யாரும் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிப்பதில்லை. அது வந்தவருக்குச் சங்கடம் என்று ஒரு நாகரிகமும் உண்டாகிவிட்டது.

கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஜெனிட்டாவிடமிருந்து செய்தி வந்தது. நாலு வருஷத்தில் முதல் செய்தி. ‘கொடியேற்றத்துக்கு வரட்டுமா?’

அமலோற்பவம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கத்துக்கு எழுத அவளிடம் விஷயம் இருந்தது, பாதி திட்டு, பாதி விசாரிப்பு. விரல் ஒரு எழுத்தைத்தான் அடித்தது. ‘வா.’ அனுப்பிய பிறகுதான் நடையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கதவு. சுவர். ஆணி.

செருப்பைக்கூட மாற்றாமல் தியோப்பிலஸ் சார் வீட்டுக்குப் போனாள். அங்கே அவர் தங்கச்சி பிலோமி மட்டும் இருந்தாள், முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டு.

“பிலோமி, உங்க அண்ணன் அந்த ஃபைல்ல எதுக்குட்டி வெற்று வரி விட்டிருந்தாரு?”

“பேரை எடுன்னு கோவத்துல வருவாங்கள்லா. அண்ணன் எடுத்துருவாவ. வரியை எடுக்க மாட்டாவ. பேரைத்தான எடுக்கச் சொன்னா, இடத்தை எடுக்கச் சொல்லலியேம்பாவ.” பிலோமி சல்லடையைத் தட்டினாள். “ஒவ்வொரு வரிக்கும் ஒரு தினுசு ஸ்டைல் போடணும், ஒருத்தருக்கு வெச்ச இடம் இன்னொருத்தருக்குச் சேராதும்பாவ. எனக்கு அது ஒண்ணும் வெளங்காது மதினி.”

“என் மகளுக்கு என்ன பேரு போட்டாரு?”

“உங்க வீட்டு பிரின்டர் ரிப்பேருக்கு ஒரு சனிக்கிழமை வந்தாவள்லா? அன்னைக்கு வந்து என்னவோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே மாத்தினாவ.” பிலோமி யோசித்தாள். “தலையணை உறை.”

அமலோற்பவம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது மாவு டப்பா வைக்கிற ஸ்டூல். டப்பாவின் மேலேயே உட்கார்ந்தாள்.

“நகல் எதுவும் வெச்சிருந்தாராட்டி? பென் டிரைவு, சீடி?”

“பென் டிரைவு எப்பவும் சட்டைப்பையிலதான் கிடக்கும். அந்தச் சட்டையோடதான அடக்கினோம். ஜெபமாலையோட அதுவும் இருக்கட்டும்னு ஃபாதர்தான் சொன்னாரு.”

ஒன்பது நாளும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தன் குடும்பத்தின் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டாள். தலைப்பு. அதன் கீழ் அமலோற்பவம், வீட்டில் இருக்கிறவர் ஸ்டைலில். அதன் கீழ் சிலுவையோடு கிறிஸ்தோபர். அதன் கீழ் அடுத்த குடும்பம், ஒட்டிக்கொண்டு, மூச்சு விட இடமில்லாமல். ‘ஜெனிட்டா’ என்று அடித்து வீட்டில் இருக்கிறவர் ஸ்டைலைப் போட்டுப் பார்த்தாள். பேர் திரையில் நின்றது, சுவர் அசையவில்லை. அந்தச் சட்டை வீட்டில் இருக்கிறவர்களுக்கு வெட்டித் தைத்தது, இல்லாதவளுக்கு எப்படிச் சேரும்? பேரில்லாமல் ஒரு வெற்று வரி விட்டுப் பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழ் வரி மேலே ஏறி அதை விழுங்கியது. ‘தலையணை உறை’ என்று அதே பேரில் புதிதாக ஒரு ஸ்டைலே செய்தாள், எழுத்தளவு பதினொன்று, பன்னிரண்டு, பத்தரை, எல்லாம் போட்டாள். பேர்தான் அவளிடம் இருந்தது. அந்த மனுஷர் அதற்குள் என்ன அளவு வைத்திருந்தார், எவ்வளவு இடம் விட்டிருந்தார் என்பதை அவள் பார்க்கவே இல்லையே. அழிக்கிறதற்கு முன்னால் ஒரு தரம் திறந்து பார்க்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? டீ போடுகிற நேரம்கூட இல்லை.

கொடியேற்றத்தன்று மத்தியானம் ஃபாதர் கிங்ஸ்லி போன் செய்தார். “அம்மா, சாயங்காலம் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போயாகணும்.”

“போகும் ஃபாதர். ஊர்ல எதுதான் போகாம இருக்கு?”

போனை வைத்துவிட்டு, இனி செய்ய எதுவும் இல்லாதவள் செய்கிறதைச் செய்தாள்: கிறிஸ்தோபரின் பேருக்குப் பின்னால் போய் நின்று என்டரை அமுக்கினாள். ஒரு வரி இறங்கியது. மேல் வரியின் சட்டையை அப்படியே வாங்கிக்கொண்டு, பேர் எதுவும் இல்லாத அந்த வரியின் முன்னால் ஒரு சிலுவை தானாக வந்து உட்கார்ந்தது. அது மூடிக்கொள்ளவில்லை. நின்றது.

நடையில் மூன்றாவது கதவு இருந்தது.

ஓடிப்போய்த் திறந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல் இல்லை, முருங்கை மரம் இல்லை, கட்டில் இல்லை. நீளம் ஒரு ஆள் படுக்கிற அளவு, அகலம் ஒரு ஆள் படுக்கிற அளவு, ஒரு விரற்கடை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தரை அவ்வளவு குளிர்ந்து கிடந்தது. யாரோ செவந்திப்பூ உதிர்த்துப் போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தாள். மறுபடி அமுக்கினாள், மறுபடி சிலுவை வந்தது, மறுபடி அழித்தாள். மூன்றாம் தரம் விரல் என்டரின் மேல் இருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

“அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

முடியை வெட்டியிருந்தாள். காதோரத்தில் அதற்குள் நரை. தோளில் அதே பை, பிடி அறுந்து வேறு வார் தைத்தது. தெருவை இரண்டு தரம் நடந்திருக்கிறாள் என்று செருப்பின் புழுதி சொன்னது. அமலோற்பவம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெனிட்டா படியின் அந்தப் பக்கம் நின்றே அண்ணாந்து குடித்தாள், சின்ன வயசில் குடித்த மாதிரியே, கழுத்தில் வழியவிட்டு.

“இந்தத் தெருவுல அமலோற்பவம்னு ஒருத்தங்க இருக்காங்களாம்மா? டிடிபி வேலை பாப்பாங்க. ஜன்னலோரம் முருங்கை நிக்கும். இங்கதான் எங்கேயோ இருக்கணும்.”

“நீ அவளுக்கு என்ன வேணும்?”

“மக.”

ஹாலில் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. கிறிஸ்தோபரின் பேருக்குப் பின்னால் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பத்தடி. ஒரு விரல். அமுக்கினால் மகள் உள்ளே வருவாள், தன் அறைக்குப் போவாள், பிறகு எங்கேயும் போக மாட்டாள்.

“அப்படி யாரும் இங்க இல்லம்மா,” என்றாள் அமலோற்பவம்.

ஜெனிட்டா தலையாட்டினாள். எதிர்பார்த்ததைக் கேட்டவள் மாதிரி.

“சாப்பிட்டியா? எலும்புக்குச் சேலை சுத்தினாப்பல இருக்க. யாரும் பாக்குறதுக்கு இல்லியா உன்னை?”

“பஸ்ல சாப்பிட்டேன்மா.” ரோட்டில் போகிற எந்தப் பொம்பிளையையும் கூப்பிடுகிற அம்மா. “அவங்களை எங்கயாவது பாத்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்றீங்களா?”

“சொல்லுதேன்.”

“கோவப்பட்டாங்கன்னா விட்டுருங்க.”

டம்ளரை நீட்டினாள், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கோயிலில் கொடி ஏறுகிற வேட்டு வெடித்தது. டீக்கடைக்காரர் பன்னும் பழமும் பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்தார். நாலு மணி பஸ் அன்றைக்கு நேரத்துக்கே வந்தது.

அமலோற்பவம் ஃபைலை அனுப்பினாள். தொண்ணூற்றாறு பக்கம். பிஷப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான கையேட்டை மறைமாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்று மேடையில் சொன்னாராம். அவள் அதைக் கேட்கப் போகவில்லை. மகள் குடித்த டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுப்படி அலமாரியின் முன்னால் நின்றாள். அங்கே எல்லா டம்ளரும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வரிசையாக இருந்தன, ஒரு இடம் பாக்கி இல்லை. மேல் தட்டைப் பார்த்தாள், கீழ்த் தட்டைப் பார்த்தாள். தண்ணீர் முழங்கை வரை வழிந்து காய்ந்தது. வெளியே வேட்டுச் சத்தம் ஓய்ந்து, ஜனம் கோயிலிலிருந்து திரும்பி, தெருவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்து, கதவுகள் சாத்திக்கொண்ட பிறகும், அவள் அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.